நாலு டயருக்கும் முப்பது

வைகாசி 2, புதன்

ஜீப் வந்துவிட்டது. வத்தலக்குண்டு பட்டறையில் கூரையும் முன்கண்ணாடியும் மாற்றியிருக்கிறார்கள். மண் பாதை ஒன்பது மைலும் டிராக்டர்காரர் இழுத்து வந்து வாசலில் விட்டார். இரவல் டயர்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது நாலு கல்லின்மேல் நிற்கிறது. அடியில் கோழிகள் படுத்திருக்கின்றன.

பழைய டயர் நாலும் பட்டறையிலேயே கிடக்கட்டும் என்று யோகா சொல்லிவிட்டாளாம். யோகலட்சுமி என் மகன் தவமணியின் மகள். இந்த மலையில் நாலு ஊருக்கும் அவள்தான் நர்ஸ். தாய் போய்ப் பதினொரு வருடம். தகப்பன் போய் இன்றோடு இருபத்தைந்து நாள்.

இடது கை மாவுக்கட்டில் இருக்கிறது. எழுதுவது வலது கைதானே. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து, "ஆத்தா, பத்திரம் எழுதப் போகலாம்" என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். இந்த டைரி யோகா கொடுத்தது. முன்பெல்லாம் தினமும் எழுதுவேன். நடுவில் இருபத்து நான்கு பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு இங்கே ஆரம்பித்திருக்கிறேன்.

ஒற்றைக் கையால் மாவாட்டினேன். தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது.

வைகாசி 4, வெள்ளி

பொங்கலுக்கு யோகா தன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தது டயர். வேட்டி சட்டை இல்லை, டயர். பட்டன் டயர் என்பார்கள். கட்டை விரல் தடிமனுக்குத் துண்டு துண்டாக நிற்கும், சேற்றைக் கவ்வும். ஓடைப் பாறையில் அடி இடிக்கிறது என்று தவமணி ஏற்கெனவே ஸ்பிரிங் பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிக் கட்டியிருந்தான். இந்த டயரும் சேர்ந்ததும் வண்டி ஆள் உயரத்துக்கு நின்றது. நான் ஏறுவதற்கு ஒரு முக்காலி செய்து கொடுத்தான். ஊரே கேலி செய்தது. "குருவம்மா ஆனைமேலே ஏறிப் போகுது" என்றார்கள். போனேன். முன்சீட்டில்தான் போனேன். இந்த ஊருக்கு முதல் ஜீப் வாங்கியது என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து நாற்பது வருடமாக முன்சீட்டு என்னுடையது.

பதினாறாம் நாள் பந்தியில் என் நாத்தனார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பட்டன் டயரு மண்ணுக்குத்தேன் ஆகும். தாரு ரோட்டுல வழுக்காம என்ன செய்யும்? புள்ளை ஆசையாத்தேன் வாங்கிக் குடுத்துச்சு. அதுவே எமனா வந்துருச்சு."

யோகா கையில் சாம்பார் வாளி இருந்தது. அவள் நிற்கவில்லை. அடுத்த இலைக்குப் போய் ஊற்றினாள்.

நான் ரசம் கேட்டேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் பாதி வைத்தாள். இப்போதும் பாதிதான் சாப்பிடுகிறாள்.

வைகாசி 5, சனி

மழை. மிளகுக் கொடிக்கு நல்லது.

வைகாசி 8, செவ்வாய்

யோகா நடந்தே வேலைக்குப் போகிறாள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலூருக்குப் போய் வர ஆறு மணி நேரம் ஆகிறது. காலில் அட்டைக்கடி. உப்பு வைத்தேன்.

ஆனி பிறந்துவிட்டால் மழை பிடித்துக்கொள்ளும். ஓடையைக் கடந்து நடக்க முடியாது. ஜீப் ஓடினால்தான் வேலை. இல்லையென்றால் கீழ்நாட்டுக்கு மாற்றல் கேட்டுப் போக வேண்டும். அவள் போனால் இங்கே வேறு யார் வருவார்கள்? போன வருடம் மேலூர்ப் பெண்ணுக்கு நடுப்பாதையில் வலி வந்தபோது இந்த ஜீப்பில்தான் பிரசவம் ஆனது.

சாயங்காலம் நாலு காகிதத்தைக் கொண்டுவந்து தரையில் பரப்பினாள். நாலும் டயர்ப் படம்.

"அப்பத்தா, இது ரோடு டயர். தாருக்கு நல்லது, சேத்துல சுத்தும். இது முன்னாடி வாங்குன மாதிரி பட்டன். இது ரெண்டும் ஏ.டி.ன்னு சொல்றாங்க. மண்ணுக்குப் பாதி, தாருக்குப் பாதி."

"சரி, அதையே போட்ருவோம்."

"எப்படிச் சொல்ற? போன தடவையும் நான் இப்படித்தான் படிச்சுப் பாத்து வாங்குனேன். எல்லாத்துலயும் நல்லாருக்குன்னுதான் போட்டிருந்துச்சு."

நான் காகிதங்களில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"எது ஆளைக் கொல்லாதுன்னு ஒருத்தரும் எழுத மாட்டேங்குறாங்க" என்றாள். அழவில்லை. காகிதங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சமமாக்கி, பெட்டியில் வைத்தாள். பிறகு கீரை ஆய்ந்தோம்.

வைகாசி 12, சனி

வத்தலக்குண்டு போனோம். தார் ரோடு ஆரம்பிக்கும் காத்துமேடு வரை டிராக்டர், அங்கிருந்து பஸ். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. வளைவு வந்தபோது நான் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டேன்.

அபுதாகிர் கடையில் டயர்கள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து அவரிடம்தான். எழுந்து வந்து நாற்காலி போட்டார். தவமணியைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். அதிகம் பேசாதது நல்லதாக இருந்தது.

யோகா கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, ஈரத் தாரில் எப்படி நிற்கும், பாறை குத்தினால் பக்கவாட்டு தாங்குமா, தூக்கிக் கட்டிய வண்டிக்குச் சிறியது நல்லதா பெரியதா. நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு மணி நேரம் போனது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பிறகு வேண்டாம் என்றாள். இன்னொன்றைச் சொன்னாள். அதையும் வேண்டாம் என்றாள்.

"எம் மகளுக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட இத்தனை கேள்வி வரலத்தா" என்றார் அபுதாகிர்.

"மாப்பிள்ளை சரியில்லேன்னா திரும்பி வந்துரலாம்ணே" என்றாள் யோகா.

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு அவள் கை கழுவப் போன நேரம், பழைய டயர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தார். பட்டறையில் போய்ப் பார்த்தாராம்.

"ஆத்தா, அந்த முன்பக்கத்து இடது டயரு வெடிக்கல. ஒரு கீறல்கூட இல்ல. ரிம்மை விட்டுக் கழண்டிருக்கு. அது டயரோட குத்தமில்ல. காத்து கம்மியா இருந்து, வேகமா வளைச்சாத்தேன் அப்படிக் கழலும். மத்த மூணுல எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும், சொல்லிருவேன். ஆனா தூக்குன ஆளுக அன்னைக்கே அதுக்கெல்லாம் காத்தடிச்சுட்டாங்க. தவமணி காத்துமேட்டுல நின்னாப்லயா?"

"தூங்கிட்டேம்ப்பா" என்றேன்.

யோகா பின்னால் வந்து நின்றிருந்தாள். "அப்பா காத்து பிடிக்காம ஒரு நாளும் தாரு ரோட்டுல எறங்க மாட்டாங்க. என்னைச் சமாதானப்படுத்துறதுக்காக அவங்க மேல பழி போடாதீங்கண்ணே" என்றாள்.

அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். டீ வரவழைத்தார். குடித்தோம். டயர் வாங்காமல் வந்தோம்.

வைகாசி 13, ஞாயிறு

காத்துமேடு என்றால் என்ன என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மண் பாதைக்கு டயரில் காற்றைக் குறைத்து வைப்பார்கள், பதினெட்டு பாயிண்ட். அப்போதுதான் டயர் தளர்ந்து பாறையைப் பிடிக்கும். தார் ரோடு தொடங்கும் மேட்டில் நிறுத்தி, பேட்டரியில் பம்பை மாட்டி, முப்பதுக்கு ஏற்ற வேண்டும். ஒரு டயருக்கு நாலு நிமிடம். எந்த ஜீப்பும் அங்கே நிற்காமல் போகாது. ஆட்கள் இறங்கி வெற்றிலை போடுவார்கள். அதன் பிறகு பதினொரு வளைவு.

போலீஸ் காகிதத்திலும் நான் தூங்கியதாகத்தான் எழுதியிருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு ஏழாவது வளைவில் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு மயில் உட்கார்ந்திருந்தது. தோகை இல்லாத மயில்.

வைகாசி 16, புதன்

யோகா ஜீப்பைத் துடைத்தாள். சீட்டுக்கு அடியில் இருந்து ஒரு காய்ந்த கொய்யாவும் சீர்த்தட்டுக் காகிதமும் வந்தன. அன்றைக்கு என் மகள் வீட்டில் காதுகுத்து. தவமணி தாய்மாமன். இருபத்தொரு தட்டு ஏற்றியிருந்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தக் குழந்தைக்கு இன்னும் குத்தவில்லை.

"அப்பத்தா, காத்து மீட்டரைப் பாத்தியா?"

"எந்த மீட்டர்?"

"என்ன அப்பத்தா, அப்பாவோட பித்தளை மீட்டர். நீதான எப்பவும் பாத்துச் சொல்லுவ."

உண்மைதான். தவமணி டயரில் வைத்து அழுத்திவிட்டு, முள்ளைப் பார்க்காமல் அப்படியே என்னிடம் நீட்டுவான். "படிச்சவுக நீங்க சொல்லுங்க" என்பான். நான் முன்சீட்டில் இருந்தபடியே வாங்கிப் பார்த்து "இருவத்தாறு, இன்னும் அடி" என்று சொல்லுவேன். கூட வருகிறவர்கள் பார்ப்பார்கள்.

"அங்கேயே எங்கயாச்சும் விழுந்துருக்கும்" என்றேன்.

சீட்டைக் கழற்றித் தேடினாள். தரைவிரிப்பைத் தூக்கித் தேடினாள். பிறகு நான் வெற்றிலையை டப்பாவில் வைத்திருப்பதைப் பார்த்து, "சுருக்குப்பை என்னாச்சு?" என்று கேட்டாள்.

"அழுக்காயிருச்சு" என்றேன்.

வைகாசி 17, வியாழன்

கோழி ஒன்று ஜீப்புக்கு அடியில் முட்டையிட்டிருக்கிறது. எடுக்கவில்லை.

வைகாசி 21, திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து யாருடையதோபோல் இருக்கிறது. மடக்கிப் பார்க்கச் சொன்னார்கள். மடக்கினேன்.

பஸ்ஸில் திரும்பும்போது யோகா மாற்றல் காகிதத்தைக் காட்டினாள். எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். ஜீப்பைக் கேட்டு ஒட்டன்சத்திரத்து ஆள் வெள்ளிக்கிழமை வருகிறானாம்.

"மூணு வாரமாப் பாக்குறேன் அப்பத்தா. என்னால ஒரு டயரு எடுக்க முடியல. கையி வர மாட்டேங்குது. நான் எடுத்தா அது யாரையாச்சும்…" என்று நிறுத்தினாள். "கீழ போயி எங்கயாச்சும் ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன். நீயும் வா."

காத்துமேட்டில் இறங்கினோம். டிராக்டர் வரும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு ஜீப் வந்து நின்று காற்றடித்துவிட்டுப் போனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வைகாசி 22, செவ்வாய்

யோகா போன பிறகு அபுதாகிருக்குப் போன் போட்டேன். ஏ.டி. டயர் நாலு மலைக்கு அனுப்பச் சொன்னேன். எந்தக் கம்பெனி என்றார். ஈரத் தாரில் நிற்பது, பக்கவாட்டு கெட்டியானது, பழையதைவிட ஒரு அளவு சிறியது என்றேன். யோகா நோட்டில் மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்திருந்தது அதுதான்.

"யோகாவுக்குச் சம்மதமாத்தா?"

"ஜீப்பு எம் பேருல இருக்கு."

"அது சரி. ஆத்தா சொன்னா அப்பீல் ஏது" என்றார்.

வைகாசி 25, வெள்ளி

காலையில் டயர் வந்தது. அபுதாகிர் கடை ஆட்கள் இரண்டு பேர் மாட்டினார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். கல்லை எடுத்ததும் கோழிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன.

பத்து மணிக்கு ஒட்டன்சத்திரத்து ஆள் வந்தான். காப்பி கொடுத்து, விற்பதற்கில்லை என்று சொன்னேன். யோகா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு எடுத்தா இந்த டயரை?"

"நாந்தேன்."

"எனக்குப் பயமா இருக்கு அப்பத்தா."

"நான் எடுத்தது. ஏதாச்சும் ஆனா எம் மேல போட்டுக்க."

அவள் சக்கரத்தின் பக்கம் குந்தி, டயரின் மேல் விரலை ஓட்டினாள். புது ரப்பர் வாசனை வீடு முழுக்க வந்தது. பொங்கலுக்கும் இப்படித்தான் வந்தது.

மாற்றல் காகிதம் அவள் பையிலேயே இருக்கிறது. புதன்கிழமை கீழே போய்த் தடுப்பூசி எடுத்து வர வேண்டும். அன்று ஓட்டிப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை என்றால் அன்றே காகிதத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

நானும் வருகிறேன் என்றேன்.

வைகாசி 30, புதன்

ஆறரைக்குக் கிளம்பினோம். நான் முன்சீட்டில். முக்காலி தேவைப்படவில்லை, டயர் ஒரு அளவு சிறியது. வாசலிலேயே யோகா காற்றைக் குறைத்தாள். மீட்டர் இல்லாததால் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள். ஓடைப் பாறையில் வண்டி வழுக்காமல் ஏறியது. தகப்பனைப் போலவே இரண்டாவது கியரில் வைத்து, பிரேக்கைத் தொடாமல் இறக்கினாள்.

காத்துமேட்டில் நிறுத்தினாள். பம்பை எடுத்து மாட்டினாள். அதிலிருந்த அளவு முள் அன்றைக்கு உடைந்துவிட்டது. ஓடவிட்டு, டயரைக் காலால் உதைத்துப் பார்த்தாள். குனிந்து கட்டை விரலால் அமுக்கினாள்.

"போதுமா தெரியலயே. மீட்டர் இல்லாம எப்படித் தெரியும்?" என்றாள். "பழைய டயர்னா அப்பாவுக்கு உதைச்சாலே தெரியும். எனக்கு என்ன தெரியும்? இதுலயும் எதையாச்சும் தப்பாப் பண்ணி… நான் காகிதத்தைக் குடுத்துருறேன் அப்பத்தா."

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தேன். ஐம்பத்து மூன்று நாளாக நான் அதைத் திறக்கவில்லை. முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் அவிழ்த்தேன். உள்ளே வெற்றிலை கறுப்பாகிப் பொடிந்திருந்தது. மீட்டரை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. மீட்டரையும் பையையும் பார்த்தாள்.

"இது ஏது?"

"அன்னைக்கு அவன் என்கிட்டதான் குடுத்தான். இங்கனயே. பம்பை எடுக்கப் போனான். நாந்தேன் வேணாம்னேன்."

மீதியையும் நானே சொன்னேன்.

"மாப்பிள்ளை வீட்டாளுக தட்டு முந்திப் போயிருச்சுன்னா தாய்மாமன் சீருக்கு என்ன மருவாதி, பதினாறு நிமிசம் இங்க நிப்பியா, சாயந்தரம் அடிச்சுக்கன்னு சொன்னேன். 'பதினெட்டுதாம்மா இருக்கு'ன்னான். 'இத்தனை வருசத்துல எனக்குத் தெரியாத ரோடா, எடுடா'ன்னேன். மீட்டரைப் பையில போட்டு முடிஞ்சுட்டேன். அவன் எடுத்துட்டான். வளைவுக்கு வளைவு வெரசா வெரசான்னேன். ஒம்போதாவது வளைவுல கழண்டுச்சு."

பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"தூங்கலயா நீ."

"நான் என்னைக்கு வண்டில தூங்கிருக்கேன்? ஒன் டயரு ஒண்ணும் செய்யலத்தா. நல்ல டயரு. ஓடைப் பாறையில எப்படி ஏறுச்சு தெரியுமா."

யோகா பம்பை நிறுத்தினாள். புளியமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். ஒரு ஜீப் வந்தது. அதன் டிரைவர் காற்றடித்து, "என்ன நர்ஸம்மா, புது டயரா? ஏ.டி.யா?" என்று கேட்டான். "ஆமாண்ணே" என்றாள். அவன் போனான்.

திரும்பி வந்து கையை நீட்டினாள். மீட்டரைக் கொடுத்தேன். நாலு டயரையும் அவளே அளந்தாள். என்னிடம் நீட்டவில்லை. இருபத்தைந்து இருந்திருக்கும்போல, ஒவ்வொன்றுக்கும் மறுபடி அடித்தாள். பிறகு என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"பின்னாடி போயி உக்காரு."

இறங்கினேன். நாற்பது வருடத்தில் நான் பின்னால் உட்கார்ந்தது இல்லை. பின் கதவு வழியாக ஏறுவது எப்படி என்றுகூடத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்து, முழங்காலை ஊன்றி ஏறினேன். தடுப்பூசிப் பெட்டிக்குப் பக்கத்தில் பலகை சீட்டு. அங்கிருந்து முன்னால் இருக்கும் ரோடு தெரியாது. பின்னால் போகும் ரோடுதான் தெரியும். பதினொரு வளைவையும் அப்படித்தான் பார்த்தேன். ஒன்பதாவதில் அவள் வேகம் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, தடுப்பூசிப் பெட்டியை என் மடியில் வைத்தாள்.

வைகாசி 31, வியாழன்

யோகா பேசவில்லை. தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

ஆனி 1, சனி

மழை பிடித்துக்கொண்டது. நாத்தனாருக்குப் போன் போட்டு, அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். அவள், "இதை ஏன் இப்பச் சொல்ற?" என்றாள். "பந்தியிலதான சொன்ன. அங்க இருந்த எல்லாருக்கும் சொல்லிரு" என்றேன். அபுதாகிருக்கும் சொன்னேன். போலீஸ் காகிதத்தைத் திருத்த யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

ஆனி 5, புதன்

இன்றும் தடுப்பூசிக்குக் கீழே போக வேண்டும். யோகா என்னைக் கூப்பிடவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இப்போது ஏறத் தெரிகிறது. முன்சீட்டில் மேலூர்ப் பெண் ஒருத்தி பிள்ளையோடு உட்கார்ந்து வந்தாள்.

காத்துமேட்டில் மழை தூறியது. யோகா ஒவ்வொரு டயராக அடித்துக்கொண்டு வந்தாள். கடைசிச் சக்கரம் நான் இருக்கும் பக்கத்துப் பின்சக்கரம். அழுத்தினாள். எழுந்திருக்காமல், என் முகத்தைப் பார்க்காமல், மீட்டரை மேலே நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியில் மழைத்துளி இருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"இருவத்தெட்டு" என்றேன். "இன்னும் அடி."

அடித்தாள்.